நீங்க எந்த ஊரு?

உளுந்தூர்ப்பேட்டையில் பஸ் ஏறி உட்கார்ந்தால், கண்டக்டர் நம் வரிசைக்கு வந்து சேர்வதற்குள் பக்கத்து ஆள் கேட்டுவிடுவார்: "ஊரு எது?" பெயரைக் கேட்க மாட்டார். திருச்சி வரை ஒன்றாகப் போனாலும் பெயர் தெரியாமலேயே இறங்கிப் போவார். முறை மட்டும் அதற்குள் வந்துவிடும். நரை தெரிந்தால் ஐயா, தெரியாவிட்டால் தம்பி, பெண் என்றால் யம்மா, வயதானவள் என்றால் ஆயா. ஊரைச் சொன்னதும் அங்கே தனக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துப் போடுவார். "ஏரிக்கர மேல ஒரு மாரியாத்தா கோயில் இருக்குமே, அதே ஊரா?" "அங்கதான் எங்க சின்ன மாமியார் பொண்ணக் கட்டிக் குடுத்தது." இந்த முடிச்சு விழுந்துவிட்டால் போதும். கரும்பு ஆலை வைத்திருக்கும் பாக்கி, மருமகளின் குணம், முட்டி வலிக்கு யாரோ சொன்ன எண்ணெய் என்று பேச்சு தானே ஓடும்.

வெள்ளைக்காரர்கள் எழுதும் பயண நூல்களில் அறியாதவரிடம் பேச்சுக் கொடுப்பது ஒரு துணிச்சலாகச் சொல்லப்படுகிறது. சிகாகோவில் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போகிறவர்களில் சிலரைப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியே இருக்கச் சொன்னார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்திருக்கிறது. ஆனால் இப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று வேறு சிலரிடம் முன்கூட்டிக் கேட்டபோது, பேசுவதுதான் தொல்லை என்று சொல்லியிருந்தார்கள். சிகாகோவின் சிக்கல் மௌனம். உளுந்தூர்ப்பேட்டைக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. இங்கே எல்லோரும் பேசிவிடுகிறோம். எந்தக் கேள்வியில் தொடங்குகிறோம், எந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பதில்தான் இங்குள்ள விவகாரம் இருக்கிறது. ஊருக்கு அடுத்த கேள்வி ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

திருநாவலூர், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது. இரவில் பறக்கும் ஆம்னி பஸ்களுக்கு அது ஒரு பெயர்ப் பலகை. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. பழைய கணக்கில் திருமுனைப்பாடி நாடு. சுந்தரர் பிறந்த ஊர். அவருடைய அப்பா சடையனாரும் அம்மா இசைஞானியாரும் அறுபத்து மூவரில் சேர்ந்தவர்கள். ஒரே வீட்டில் மூன்று நாயன்மார். பக்தஜனேசுவரர் கோயிலுக்குக் கல்வெட்டுகளில் திருத்தொண்டீசுவரம் என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் முதல் பராந்தகனின் மகன் இராசாதித்தன் படையோடு இந்த நாட்டில் தங்கியிருந்தபோது ஊருக்கு இராசாதித்தபுரம் என்றும் பெயர் வந்தது. அவன் படையில் மலையாளத்து ஆட்கள் இருந்தார்கள். அவர்களுடைய தளபதி ஒருவன் பெண்ணைக் கரையில், கிராமம் என்றே பெயர்கொண்ட ஊரில், கற்றளி எடுத்தான். கல்வெட்டு அவனை மலைநாட்டு நந்திக்கரைப் புத்தூர் வெள்ளங்குமரன் என்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பும் ஊர் முன்னால், பெயர் பின்னால்.

சுந்தரரின் வரலாற்றைப் பக்திக் கதையாகத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். எனக்கு அது வழியில் சந்தித்தவர்களின் கதையாகவே படுகிறது. தொடக்கமே அப்படி. திருநாவலூர்த் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை அந்த வழியாகப் போன நரசிங்க முனையரையர் பார்க்கிறார். பிடித்துப்போய்ப் பெற்றோரிடம் கேட்டு வாங்கித் தன் பிள்ளையாக வளர்க்கிறார். பிறகு அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம். புத்தூரில் சடங்கவி சிவாச்சாரியார் வீட்டுப் பெண். பந்தலில் எல்லோரும் கூடியிருக்கும்போது குடையும் தண்டும் பிடித்த ஒரு கிழவர் உள்ளே வந்து, இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை என்கிறார்.

இதற்கு மாப்பிள்ளை சொன்ன பதில் நாகரிகமாக இல்லை. பித்தனோ என்று ஏசினார். கிழவர் ஓலையைக் காட்டினார். இவர் துரத்திப் போய்ப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போயிற்று. கிழிந்தது படிதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்றார் கிழவர். பாட்டனார் கையெழுத்தை ஒத்துப் பார்த்தார்கள்; சரியாக இருந்தது. சபை கிழவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு சபையார் ஒரு சந்தேகம் கேட்டார்கள். நீர் இந்த ஊர்தான் என்கிறீர், உமது வீடு எது, காட்டும். கிழவர் எழுந்து முன்னே நடந்தார், எல்லோரும் பின்னால் போனார்கள். அவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்தார். அப்புறம் காணோம்.

(அந்தக் கல்யாணப் பெண்ணைப் பற்றிச் சேக்கிழார் சில வரிகளோடு நிறுத்திக்கொள்கிறார். அவள் சுந்தரரையே நினைத்திருந்து சிவலோகம் அடைந்தாள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் கிழவரோடு வாதாடினார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை.)

அடுத்தது திருவதிகை. நாவுக்கரசர் கையால் தொண்டு செய்த ஊரைக் காலால் மிதிக்கக் கூடாது என்று சுந்தரர் ஊருக்கு வெளியே சித்தவட மடத்தில் படுக்கிறார். இருட்டில் ஒரு கிழவர் வந்து படுத்து, இவர் தலைமேல் காலை வைக்கிறார். ஐயா, உங்கள் கால் என் தலைமேல் இருக்கிறதே என்கிறார். வயதாகிவிட்டது, திக்கு தெரியவில்லை என்கிறார் கிழவர். இவர் தலையை வேறு பக்கம் மாற்றுகிறார். மறுபடியும் கால். ஏதோ ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் கேட்டுவிடுகிறார்: யார் நீ? என்னைத் தெரியவில்லையா என்று ஒரு குரல், ஆளைக் காணவில்லை.

இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வீடு எது என்று கேட்ட இடத்தில் ஒருவர் மறைந்தார். யார் என்று கேட்ட இடத்தில் இன்னொருவர் மறைந்தார். அதுவரை சண்டை, வழக்கு, மிதி எல்லாம் இருந்தும் உறவு அறுந்துபோகவில்லை. சைவர்கள் இதற்கு வேறு உரை சொல்வார்கள். மறைந்ததே வெளிப்பாடு என்பார்கள், அது அவர்கள் வழக்கு. பஸ் பயணியாகிய எனக்குப் பட்டது இது: முகவரி கேட்கும் வரைக்கும்தான் வழித்துணை.

சுந்தரரின் வழி முழுக்க இப்படிப்பட்ட ஆட்கள்தான். திருக்குருகாவூர் வழியில் பந்தல் போட்டுப் பொதிசோறு கொடுத்தவர் ஒருவர். திருக்கச்சூரில் வெயிலில் வீடு வீடாகப் போய்ச் சோறு இரந்து வந்து ஊட்டியவர் ஒருவர். திருமுருகன்பூண்டி வழியில் மூட்டை முடிச்சைப் பறித்துக்கொண்டு போன வேடர்கள். கடைசிக் கூட்டத்தையும் சிவனே அனுப்பினார் என்கிறது புராணம். சுந்தரர் கோயிலில் போய், இந்தக் கள்ளர் ஊரில் உனக்கென்ன வேலை என்று இறைவனிடமே முறையிட்டுப் பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வழிப்பறிக்கு இப்படி ஒரு புகார்மனு வேறு எந்த இலக்கியத்திலும் எழுதப்பட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மடப்பட்டில் பிரியும் ஒரு சாலை பண்ருட்டி போகிறது, திருவதிகை அங்கேதான். எதிர்ப்பக்கச் சாலை திருவெண்ணெய்நல்லூர் வழியாகத் திருக்கோவலூர் போகிறது. அங்கே சுந்தரருக்கும் முந்திய கதை ஒன்று இருக்கிறது. மழை பெய்யும் இரவு. ஒரு வீட்டு இடைகழியில் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் படுத்திருக்கிறார். மாமல்லபுரத்துக்காரர் ஒருவர் நனைந்தபடி வந்து, இடம் இருக்குமா என்கிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று முதலாமவர் எழுந்து உட்காருகிறார். அப்புறம் மயிலாப்பூர்க்காரர். இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். பொய்கை, பூதம், பேய் என்று நாம் இன்று பெயர் சொல்லும் மூவருக்கும் அந்த இருட்டில் ஒருவரை ஒருவர் தெரியாது. முகம் தெரியாத இருட்டில் எந்த ஊர், என்ன ஆள் என்பதற்கு அவசியமில்லை, தேவைப்பட்டது இடம். நான்காவதாக யாரோ நெருக்குவதாகப் பட, விளக்கு ஏற்றிப் பார்க்க விரும்பி மூன்று திருவந்தாதிகள் பிறந்தன என்பது வைணவ மரபு. தீபாவளிக்கு முந்தின இரவு பெருங்களத்தூரில் நிரம்பி வரும் அரசுப் பஸ்ஸில் நின்றபடி ஊர் போனவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளுக்காகத் தொடையை ஒடுக்கிக்கொண்டு, "கொஞ்சம் நவுருங்க, கொழந்த வச்சிருக்காங்க" என்று ஒரு குரல் வருமே, அதுதான் நம் ஊரில் மிக நல்ல உரையாடல் தொடங்கும் இடம்.

அதே திருக்கோவலூரில் இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. மெய்ப்பொருள் நாயனார் அந்த ஊர் அரசர். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன், நீறு பூசி, சடை முடிந்து, புத்தகக் கவளிக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்தான். வேடத்தைப் பார்த்து வாயில் வாயிலாக வழிவிட்டார்கள். தத்தன் என்ற கடைசிக் காவலன் மட்டும் சமயம் பார்த்துப் போகச் சொன்னான். அவனையும் தள்ளிவிட்டு உள்ளே போனவன், கிடைத்தற்கரிய ஆகமம் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லி அரசரைக் கீழே உட்காரவைத்துக் குத்தினான். வாளோடு ஓடிவந்த தத்தனை அரசர் தடுத்து, இவர் நம்மவர், பத்திரமாக ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டு வா என்றார். அறியாதவரோடு பழகாதே என்பதற்கு இந்தக் கதையைச் சாட்சியாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சரியாகப் படிக்கவில்லை. முத்தநாதனை யாரும் அந்நியனாக நினைக்கவே இல்லை. இன்னார் என்று அடையாளம் கண்டுதான் உள்ளே விட்டார்கள். அடையாளம் பார்த்துப் பழகியதால் வந்த கேடு அது. பஸ்ஸில் மயக்க பிஸ்கட் கொடுத்து நகையைக் கழற்றுகிறவரும் மரியாதையான ஆளாகத்தான் வந்து உட்காருகிறார்.

பயணத்தில் நடந்ததில்லை என்றாலும் இங்கே இன்னொரு சந்திப்பையும் சொல்ல வேண்டும். 1880 அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க உ.வே.சாமிநாதையர் போனார். ஊர், பேர், வேலை, யாரிடம் படித்தீர்கள் என்று வழக்கமான விசாரணை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று சொன்னால் யாரும் எழுந்து நிற்கும் காலம் அது. முதலியாரிடம் ஓர் அசைவும் இல்லை. படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம் எல்லாம் ஐயர் அடுக்கினார். அதற்கும் அசையவில்லை. காட்டிய சான்றுகள் எல்லாம் தீர்ந்துபோன பிறகுதான், இவற்றுக்கெல்லாம் முந்தியவற்றைப் படித்ததுண்டா என்ற கேள்வி வந்தது. 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்ததற்கும் பிறகு வந்தவற்றுக்கும் வேர் அங்கே. அறிமுகம் பலிக்காமல் போனதில் தமிழுக்கு இவ்வளவு லாபம்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. ஊரைச் சொன்னதும் சிலர், "அங்க எந்தப் பக்கம்?" என்பார்கள். இன்னும் நேராகக் கேட்பவர், "ஊருக்குள்ளியா, காலனியா?" முன்பின் தெரியாதவரின் சாதியை, சாதி என்ற சொல்லே வாயில் வராமல், இரண்டே கேள்வியில் தெரிந்துகொள்ளும் திறமை இந்த மாவட்டங்களுக்கு உண்டு. பிற மாவட்டங்களுக்கும் உண்டு, கேள்வியின் வடிவம்தான் மாறும். 2025 ஏப்ரலில் காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். பஸ் சீட்டில் அந்தச் சொல் இல்லாமலும் காரியம் நடக்கும் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பதில் வந்ததும் சிலருடைய தோள் ஓர் அங்குலம் விலகும். பேச்சு நின்றுவிடாது, மழை, வெயில் என்று மாறிவிடும். இதை அனுபவித்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோ காதில் வயரைச் செருகிக்கொண்டோ உட்காருவதைப் பார்த்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாரோடும் பேசுவதில்லை என்று அங்கலாய்ப்பவர்களிடம் எனக்கு அனுதாபம் இல்லை. அந்தப் பிள்ளைகள் எந்தக் கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் உட்காருவதே ஒரு காலத்தில் போராடி வாங்கியது. தனியார் பஸ்கள் ஓடத் தொடங்கிய நாட்களில் பஞ்சமருக்கு இடமில்லை என்று டிக்கெட்டில் அச்சடித்த முதலாளிகள் இருந்தார்கள். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவு போட்டார். அந்த உத்தரவுக்குப் பிறகு ஒரே சீட்டில் முதல்முறை சேர்ந்து உட்கார்ந்த இரண்டு பேர் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் நம்முடைய பயண இலக்கியத்தின் முதல் பக்கம் அதுவாக இருந்திருக்கும்.

பெண்களுக்கு இந்தக் கதை வேறு. தனியே போகும் பெண்ணிடம் ஓர் ஆண், "எங்க போறீங்க?" என்று கேட்டால் அதில் இடைகழியும் இல்லை, இறைவனும் இல்லை, அவள் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அறியாதவரோடு பேசுவதன் இன்பத்தைப் பற்றி உலகம் முழுக்க எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு பஸ்ஸின் முன்பாதி மாறிவிட்டது. நூறு நாள் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மகள் வீட்டுக்கும் போகிற பெண்கள் கூட்டம். குழுக்கடன் தவணை, மாப்பிள்ளையின் குடி, ரேஷன் கடையில் பருப்பு வந்ததா என்பது வரை இரண்டு நிறுத்தத்துக்குள் பேசி முடித்து, "வர்றேன் யம்மா" என்று இறங்குகிறார்கள். பின்பாதியில் உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கு இந்த வேகமும் கிடையாது, இந்தத் துணிவும் கிடையாது. நாங்கள் இன்னும் அரசியலில் தொடங்கி அரசியலிலேயே சண்டை போட்டு இறங்குகிறோம்.

ஜெர்மானிய சமூகவியலாளர் கேயார்க் சிம்மல் 1908-இல் அந்நியனைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். நெருங்கியவர்களிடம் சொல்லாத ரகசியங்களை மனிதர்கள் வெளியிலிருந்து வந்தவனிடம் கொட்டிவிடுகிறார்கள் என்பது அதில் ஒரு கருத்து. ஒரு நள்ளிரவு உளுந்தூர்ப்பேட்டை பஸ் நிலையத்தில் சேலம் பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு பெரியவர் எனக்கு அதை நடத்திக் காட்டினார். டீ வாங்கிக் கொடுத்தார். தம்பி நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டது, தான் தெரிந்தே கையெழுத்துப் போட்டது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்பது எல்லாம் சொன்னார். "தெரிஞ்சே எதுக்குங்க போட்டீங்க?" என்றேன். "அவன் சின்ன வயசுல எங்கூடத்தான் படுப்பான்" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. என் ஊரைக்கூட அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. ஊர் தெரிந்துவிட்டால், அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த யாராவது இருந்துவிடலாம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே மலை ஏறினால் கேள்வி திரும்பிவிடும். வெள்ளிமலை போகும் பஸ்ஸில் என்னைப் பார்த்த ஒருவர் ஊரைக் கேட்கவில்லை. "எந்த ஆபீசு சார்?" என்றார். ஆபீஸ் இல்லை என்றேன். "அப்ப எதுக்கு வர்றீங்க?" சும்மாதான் என்றேன். "சும்மா யாருங்க வருவா." அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தாரர்கள் கையில் இருந்தது. அப்புறம் வனத்துறை, வருவாய்த்துறை, சாராய ஊறலைத் தேடி வரும் போலீஸ். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு மலைமேல் சோதனை இன்னும் கூடியது. கீழே தெருவெல்லாம் மைக்கும் கேமராவுமாக இருந்தது. இறந்தவர் வீட்டு வாசலில் நீளும் மைக்கும் அறியாதவர் கேட்கும் கேள்விதான். அதற்கும் பேச்சுக்கும் சம்பந்தம் இல்லை.

இதே மலைத்தொடரின் வடக்கே, பெண்ணைக்கு அந்தப் பக்கம், செங்கம். அங்கே ஆண்ட நன்னனைப் பாடியது மலைபடுகடாம். பரிசு வாங்கித் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையில் வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்தை வழியில் கண்டு 583 அடிகளுக்கு வழி சொல்கிறான். எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே பாசி வழுக்கும், எந்தக் குடியிருப்பில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று ஒன்று விடாமல். மலையில் இருப்பவர்கள் வருகிறவரை உறவுக்காரரைப் போல வரவேற்றுத் தினையும் இறைச்சியும் கொடுப்பார்கள் என்று அவனால் உறுதி சொல்ல முடிந்தது. பத்துப்பாட்டில் பாதி, ஐந்து பாட்டு, ஆற்றுப்படை. அறியாதவரை வழியில் நிறுத்திப் பேசுவதற்கென்றே ஓர் இலக்கிய வகை வைத்திருந்த மொழி இது. மலைக்காரர் இன்று ஆபீசா என்று கேட்கிறார் என்றால் மாறியது அவர் இல்லை. மேலே ஏறிப் போனவர்களின் வகை மாறிவிட்டது. அந்த வெள்ளிமலை பஸ்காரரும் கடைசி வரை முறைத்துக்கொண்டு வரவில்லை. வளைவுகள் தொடங்கியதும் புளி மூட்டை சரிய, "இதக் கொஞ்சம் புடிங்க" என்று என் மடிமேல் சாய்த்தார். மூட்டை ஏறிய பிறகு பேச்சு வந்தது. மரவள்ளி விலை, பாட்டாவுக்குப் பட்டா வராமல் போனது, மகள் நர்சிங் படிப்பது.

வழி கேட்பது என்ற பழைய சாக்கை இப்போது போன் எடுத்துக்கொண்டுவிட்டது. கூட்ரோட்டில் நின்று கைபேசியைப் படுக்கவைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். எதிரே டீக்கடையில் எட்டுப் பேர் நமக்குப் பதில் சொல்லக் காத்திருக்கிறார்கள். சுந்தரருக்கு நடந்ததில் கடைசியாக ஒன்று மிச்சம் இருக்கிறது. முதுகுன்றத்துக்கு, இன்றைய விருத்தாசலத்துக்கு, போய்க்கொண்டிருந்தார். எதிரே ஒரு கிழவர். இந்த முறை யார், எந்த ஊர், எந்த வீடு என்று எதுவும் இல்லை. முதுகுன்றத்துக்கு வழி எது என்று மட்டும் கேட்டார். இது கூடலையாற்றூர் போகும் வழி என்று சொல்லிவிட்டுக் கிழவர் அங்கேயே நிற்கவில்லை, துணையாகக் கூடவே நடந்தார். இந்தக் கதையிலும் அவர் கடைசியில் மறைகிறார்தான். ஆனால் வழி முழுக்க வந்த பிறகு மறைகிறார். மணிமுத்தாறும் வெள்ளாறும் கூடும் அந்த ஊருக்குப் போகும் எண்ணமே சுந்தரருக்கு இருக்கவில்லை. போனார், பாடினார், ஏழாம் திருமுறையில் அந்தப் பதிகம் இருக்கிறது.

இந்தப் பக்கம் வந்தால் கெடிலம் கூட்ரோட்டில் இறங்கி, போனைப் பையில் போட்டுவிட்டு, திருநாவலூருக்கு வழி கேளுங்கள். சொன்னவர் அந்தப் பக்கம் போகிறவராக இருந்தால் கூடவே நடங்கள். அவர் ஊரைக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பக்கம் என்று அடுத்ததைக் கேட்டால், மல்லாட்டை இந்த வருஷம் மூட்டை என்ன விலைக்குப் போனது என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் போகிற ஆள் இந்த வட்டாரத்தில் கிடையாது.